செக்கில் தேதியும் தொகையும் எழுதும் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனிலேயே பணம் அனுப்ப ஆரம்பித்த பிறகு செக் எழுதும் வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் வீட்டு அட்வான்ஸ், கல்யாண மண்டபம், கோயில் திருப்பணி, அபார்ட்மென்ட் சங்கம் என்று ஏதாவது ஒன்றுக்காக செக் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எப்போதாவது எழுதுவதால் சந்தேகமும் அதிகமாக வருகிறது. வங்கியில் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் இந்திய வங்கி செக்குகளைப் பற்றியவை.

முதலில் ஒரு விஷயம். உங்கள் செக்கை வாங்கியவர் தன் வங்கியில் போட்டதும் அந்தக் காகிதம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் வங்கிக்குப் போவது அதன் படம்தான். முன்பக்கம் சாம்பல் சாயலில் ஒரு படம், முன்பக்கமும் பின்பக்கமும் வெறும் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு படம். சென்னைக்கு இந்த சி.டி.எஸ். முறை 2011 செப்டம்பரில் வந்தது. ஆகவே உங்கள் பழக்கம் எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியது இதைத்தான்: உங்களைத் தெரியாத ஒருவர் திரையில் அந்தப் படத்தை மட்டும் பார்த்தால், யோசிக்காமல் படிக்க முடியுமா?

தொகைக்குப் பின்னால் ‘/-’ போடுவது எதற்கு? போடாவிட்டால் செக் திரும்புமா?

திரும்பாது. எந்த விதியிலும் அது இல்லை. அது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். இங்கிலாந்தில் ஷில்லிங்கையும் பென்ஸையும் பிரிக்கச் சாய்கோடு போடுவார்கள். பென்ஸ் எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு. அவர்கள் 1971இல் ஷில்லிங்கைக் கைவிட்டார்கள். நம் ஊரில் 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று கணக்கு. அணாவும் போய், புதுக்காசும் வந்து, காசே புழக்கத்தில் அரிதாகிவிட்டது. ‘/-’ மட்டும் மளிகைக்கடை சீட்டிலிருந்து செக் வரை உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஒரு பயன் உண்டு. கடைசி இலக்கத்துக்குப் பின்னால் இன்னொரு சைபர் நுழைய முடியாது. ஆனால் அவசரத்தில் சாய்கோட்டை நிமிர்த்திப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய 5000/- கறுப்பு வெள்ளைப் படத்தில் 50001- மாதிரி தெரியும். உங்கள் கோடு அப்படிப்பட்டதென்றால் 5000.00 என்று எழுதிவிடுங்கள். பழைய ஆட்கள் சிலர் 5000=00 என்று போடுவார்கள். அதிலும் தப்பில்லை.

எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு தொகை என்று எழுதிவிட்டால் எது செல்லும்?

1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆவது பிரிவு நேராகச் சொல்கிறது: எழுத்தில் இருப்பதுதான் தொகை. எண்ணில் ஒரு சைபரைச் சேர்ப்பது நொடி வேலை, எழுத்தில் ‘ஐயாயிரம்’ என்பதை ‘ஐம்பதாயிரம்’ ஆக்குவது அவ்வளவு லேசில்லை என்பதால் வந்த ஏற்பாடு.

இது சட்டம். நடப்பு என்னவென்றால், இரண்டும் பொருந்தவில்லை என்று காரணம் போட்டு வங்கி செக்கைத் திருப்பிவிடும். கவுண்டரில் போய் 18ஆவது பிரிவைக் காட்டி வாதாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். வேறு செக் எழுதுவதுதான் நேரம் மிச்சம்.

‘மட்டும்’ என்று எழுதுவதும், மிச்ச இடத்தில் கோடு இழுப்பதும் அவ்வளவு அவசியமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். ‘மட்டும்’ என்ற சொல் இல்லாததால் மட்டும் செக் செல்லாமல் போகாது. ஆனால் தொகைக்கு முன்னும் பின்னும் விடும் காலி இடம் உங்கள் தலையில் விடியலாம். இருநூறு வருஷமாகக் கோர்ட் பார்த்த விவகாரம் இது.

1827இல் இங்கிலாந்தில் யங் என்பவர் வெளியூர் போகும்போது வெற்றுச் செக்குகளில் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கணக்குப் பிள்ளை ஒரு செக்கில் ஐம்பது பவுண்டு சொச்சம் என்று எழுதி அம்மாவிடம் காட்டினார். அம்மா பார்த்து, சரி, போய் மாற்றிவா என்றார். தொகைக்கு முன்னால் வேண்டுமென்றே இடம் விட்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை. வழியில் ஐம்பதுக்கு முன்னால் ‘முந்நூற்று’ ஏறிக்கொண்டது. வங்கி முந்நூற்று ஐம்பதையும் கொடுத்தது. நஷ்டம் வாடிக்கையாளருக்கே என்று தீர்ப்பானது.

1918இல் இன்னொரு வழக்கு, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. மேக்மில்லன் ஆர்தர் என்ற நிறுவனத்தின் பங்குதாரர் வெளியே கிளம்பும் நேரத்தில் கிளார்க் ஒரு செக்கை நீட்டினார். எண்ணில் 2 பவுண்டு. எழுத்தில் எழுதும் இடம் காலி. அவசரத்தில் கையெழுத்து விழுந்தது. பிறகு அந்த 2க்கு முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0. எழுத்திலும் நூற்றிருபது என்று நிரப்பியாயிற்று. அங்கேயும் வங்கி பக்கம்தான் தீர்ப்பு. மோசடிக்கு வசதி பண்ணிக்கொடுக்காமல் செக் எழுதுவது வாடிக்கையாளரின் கடமை என்றார்கள்.

நம் சட்டத்தின் 89ஆவது பிரிவும், திருத்தியது தெரியாத செக்குக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்த வங்கியைக் காப்பாற்றுகிறது. ஆகவே ‘ரூபாய்’ என்று அச்சடித்திருக்கும் இடத்தை ஒட்டியே எழுத ஆரம்பியுங்கள். முடிந்ததும் ‘மட்டும்’, அதை ஒட்டி ஒரு கோடு. எண்ணைப் பெட்டிக்குள் ரூபாய்க் குறியை இடிக்கிற மாதிரி நெருக்கி எழுதுங்கள். நடுவில் அழகாக, இரண்டு பக்கமும் காற்று விட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

என் அப்பா செக்கின் மேல் ஓரத்தில் ‘இருபதாயிரத்துக்கு உள்பட்டது’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ‘அண்டர் ருப்பீஸ்’ என்று எழுதுவார். அது என்ன?

அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரா? கருவூல பில்களிலும் செக்குகளிலும் இருந்த பாதுகாப்பு அது. 19,850 ரூபாய்க்கு செக் என்றால், இருபதாயிரத்தைத் தொடாது என்று குறுக்கே எழுதிவைப்பது. தொகையைத் திருத்தினால் இந்த வரியோடு முட்டிக்கொள்ளும். கெட்டிக்கார ஏற்பாடுதான். சொந்தக் கணக்குச் செக்கில் தேவையில்லை. எழுதியே தீருவேன் என்றால் தேதிப் பெட்டிமேலும் பெயர்மேலும் ஏறாமல் எழுதச் சொல்லுங்கள்.

தொகையைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. செக்கை இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி எதிலும் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளில் இருக்கிறது. தமிழில் எழுதியதால் வாங்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் மேலாளரிடம் போங்கள்.

ஆனால் பேசுவது மாதிரி எழுதாதீர்கள். ‘தொண்ணூறு’, ‘தொள்ளாயிரம்’ இரண்டையும் அரைகுறையாகக் கிறுக்கினால் படத்தில் எது எதுவென்று தெரியாது. ‘ஆயிரத்து’, ‘ஆயிரத்தி’ பற்றியெல்லாம் கவலை வேண்டாம், அதற்காக யாரும் திருப்ப மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஃபார்ட்டியில் ஒரு ‘யு’வைச் சேர்ப்பதும் அப்படித்தான். தொகை விளங்கினால் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைப்பதில்லை.

தமிழ் எண்கள் வேறு கதை. ௧, ௭, ௮ மூன்றும் க, எ, அ மாதிரியே இருக்கும். மும்பையில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பவரை விடுங்கள், மதுரையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். எண் பெட்டியில் வழக்கமான எண்ணே இருக்கட்டும். தாத்தா கணக்கு நோட்டில் இருக்கும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ எல்லாம் அழகுதான், செக்குக்கு வேண்டாம்.

ஆவணி 10 என்று தமிழ்த் தேதி போடலாமா?

வேண்டாம். எட்டுப் பெட்டியும் ஆங்கிலத் தேதிக்கே அளவெடுத்தவை. ஆனால் இதில் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு இருக்கிறது. 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு நம் தேசிய நாட்காட்டி. இந்தியில் எழுதிய செக்கில் சக ஆண்டுத் தேதி இருந்தால் வங்கி ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. 2025 மார்ச் 22 என்பது சக கணக்கில் 1947ஆம் வருஷம் சைத்ர மாதம் முதல் நாள். அப்படித் தேதி போட்ட செக்கை நீட்டினால் கவுண்டரில் இருக்கும் பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்த வருஷத்துச் செக்!

அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிறேன். மாதத்தை முதலில் எழுதியே கை பழகிவிட்டது. என்ன ஆகும்?

எழுதிய நாளைப் பொறுத்தது. 2025 டிசம்பர் 3ஐ உங்கள் வழக்கப்படி 12032025 என்று போட்டால் இங்கே அது மார்ச் 12, செக் காலாவதி. 2026 ஏப்ரல் 10 என்று நினைத்து 04102026 எழுதினால் அக்டோபர் 4. அதுவரை பணம் கிடைக்காது. 25ஆம் தேதி எழுதினால் 25ஆவது மாதம் என்று ஆகி, உடனே மாட்டிக்கொள்வீர்கள். அதுதான் இருப்பதிலேயே நல்ல விபத்து. நாள், மாதம், வருஷம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே எழுத்து அச்சடித்திருக்கிறார்கள். எழுதுமுன் அதை ஒரு தடவை பாருங்கள்.

காற்புள்ளியும் அப்படியே. அங்கே 100,000, இங்கே 1,00,000. தொகை மாறாது என்பதால் செக் திரும்பாது, ஆனால் படிக்கிறவர் சைபரை எண்ண வேண்டிவரும். எழுத்தில் லட்சம் என்றே எழுதுங்கள், ‘நூறாயிரம்’ வேண்டாம்.

பைசாவை எப்படி எழுதுவது? அமெரிக்காவில் நூறில் ஐம்பது என்று பின்னமாகப் போடுவோமே.

இங்கே அந்தப் பின்னம் புழக்கத்தில் இல்லை. ‘ரூபாய் ஆயிரத்து இருநூறு, பைசா ஐம்பது மட்டும்’ என்று எழுதுங்கள், எண்ணில் 1,200.50. நாலணாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. செக்கில் 37 பைசா வேண்டுமானாலும் எழுதலாம், கணக்கில் ஏறும்.

ஜனவரியில் பழைய வருஷத்தைப் போட்டுவிட்டேன்.

ஜனவரி மாதக் கிளியரிங்கில் இது பொங்கல் மாதிரி தவறாமல் வரும். செக்கின் ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம். 2012 ஏப்ரல் 1க்கு முன்னால் ஆறு மாதமாக இருந்தது. 2026 ஜனவரி 5க்குப் பதில் 2025 ஜனவரி 5 என்று எழுதினால் அந்த செக் பிறக்கும்போதே காலாவதி.

நல்லவேளையாகத் தேதிக்கு மட்டும் சலுகை உண்டு. சி.டி.எஸ். முறையில் பெயரிலும் தொகையிலும் எந்தத் திருத்தமும் கூடாது என்று 2010 டிசம்பரில் விதி வந்தபோது, செக்கை மறுபடி செல்லுபடியாக்கத் தேதியை மாற்றுவதை விலக்கிவைத்தார்கள். பழையதை அடித்து, புதுத் தேதி எழுதி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட வேண்டும், இனிஷியல் போதாது. ஆனால் புது செக் கையில் இருக்கும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது என் கட்சி.

தொகையில் ஒரே ஒரு இலக்கம் பிசகிவிட்டது. திருத்திக் கையெழுத்துப் போட்டால்?

முன்பு செல்லும். இப்போது செல்லாது. கிழித்துப் போடுங்கள்.

நல்ல நாள் பார்த்துத் தேதி போடுகிறோம். அஷ்டமி, நவமி, ஆடி மாதம் எல்லாம் தவிர்க்கிறோம். வங்கிக்கு அதில் ஆட்சேபணை உண்டா?

இல்லை. பின்தேதி போட்ட செக் செல்லும். அந்தத் தேதி வரும்வரை பணம் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். முன்தேதி போட்டாலும் மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே ஓடும். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டப அட்வான்ஸ் கொடுக்கும்போது வைகாசியில் ஒரு நல்ல நாளைப் போட்டால், மண்டபக்காரர் சாவகாசமாக வங்கிக்குப் போகும்போது செக் செத்திருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் போடும் தேதிக்கும் பணம் கணக்கை விட்டுப் போகும் நாளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அவர் அமாவாசையன்று டெபாசிட் பண்ணினால் அமாவாசையன்றுதான் போகும். ராகு காலம் பார்த்து எழுதிய செக் ராகு காலத்தில் கழியலாம். அதைத் தடுக்க வழி கிடையாது.

அதோடு, ‘இன்று எழுதிக் கொடுப்போம், கிளியரிங் வர ரெண்டு நாள் ஆகும், அதற்குள் பணத்தைப் போட்டுவிடலாம்’ என்ற பழைய கணக்கையும் மூட்டைகட்டுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் வர வர அனுப்பப்படுகின்றன. உங்கள் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு இருக்கிறது, அது கிரிமினல் வழக்கு.

மொய்க்கு 10,001 என்று எழுதுவதில் ஏதாவது சிக்கல்?

எண்ணில் ஒன்றைச் சேர்த்துவிட்டு எழுத்தில் ‘பத்தாயிரம் மட்டும்’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் வித்தியாசம்தான். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தால் அந்தப் பேச்சு எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது சைபர்: காற்புள்ளி போடாவிட்டால் 1001 எது, 10001 எது என்று எழுதுகிறவருக்கே குழப்பம்.

பிள்ளையார் சுழி போடலாமா? நாலு மூலையில் மஞ்சள் தடவலாமா?

சுழியை அடிக்கட்டையில் போடுங்கள். செக்கின் மேலேயே போட்டால்தான் திருப்தி என்றால் இடது மேல் ஓரத்தில் சின்னதாக. செக்கை கிராஸ் பண்ணும் குறுக்குக்கோடும் அங்கேதான் வரும், ஒன்றோடொன்று மோதக்கூடாது. வங்கிகளுக்கே, உங்கள் ரப்பர் ஸ்டாம்ப் தேதி, பெயர், தொகை, கையெழுத்து மேல் விழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உகாரம் மட்டும் விழலாமா?

மஞ்சள் கூடவே கூடாது. கீழ் ஓரத்தில் இயந்திரம் படிக்கும் எண் வரிசை இருக்கிறது. அந்தப் பட்டையில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் பட்டால் இயந்திரம் திணறும். சரஸ்வதி பூஜைக்கு செக் புத்தகத்தின் அட்டைக்குப் பொட்டு வையுங்கள், உள்ளே இருக்கும் தாள்களுக்கு வேண்டாம்.

தொகை மேல் செல்லோடேப் ஒட்டுவது நல்லதா?

டிமாண்ட் டிராஃப்ட் காலத்தில் ஒட்டுவார்கள். இப்போது ஸ்கேனர் வெளிச்சத்தில் டேப் மின்னும், எழுத்து மங்கும். வேண்டாம்.

எந்தப் பேனா? கறுப்பு மை செல்லாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பொய். ரிசர்வ் வங்கி அப்படி எந்த விதியும் போடவில்லை என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே மறுத்தது. படத்தில் தெளிவாக விழும், அழியாத மை என்பதுதான் எதிர்பார்ப்பு. நீலம், கறுப்பு இரண்டும் சரி. பச்சை மை சிலருக்கு அதிகாரி மிடுக்கு. அது படத்தில் வெளிறிப்போனால் மிடுக்கும் வெளிறும்.

கவனிக்க வேண்டியது வேறு. சூடு காட்டினால் அழியும் ஜெல் பேனாக்கள் பிள்ளைகளின் பென்சில் பாக்ஸில் கிடக்கும். அவசரத்துக்கு அதை எடுத்து எழுதாதீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், இன்ஷூரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்கு வருபவர் தன் பேனாவை நீட்டினால் வாங்காதீர்கள். பெயரும் தொகையும் கொஞ்ச நேரத்தில் மறைந்து, உங்கள் பேனாவில் போட்ட கையெழுத்து மட்டும் மிஞ்சும் மோசடி நம் நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

ஏழுக்கு நடுவில் கோடு போடும் பழக்கம் உண்டு. மாற்றிக்கொள்ள வேண்டுமா?

நல்ல பழக்கம். 1ஓடு குழம்பாது. ஒன்றுக்கு நீளமாகக் கொக்கி வைப்பவர்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேதி போடாமல் செக் கேட்கிறார்கள், செக்யூரிட்டிக்காக என்கிறார்கள். கொடுக்கலாமா?

தேதியில்லாத செக்கை வங்கி ஏற்காது. ஆனால் அதை வாங்கியவர் தேதியை நிரப்பிக்கொள்ளலாம். குறையாக விட்ட ஆவணத்தை நிரப்பும் உரிமையை 20ஆவது பிரிவு தருகிறது. தொகைகூட எழுதாமல் வெறும் கையெழுத்தோடு மனமறிந்து கொடுத்த செக்கும், கடனுக்காகக் கொடுத்ததாகவே முதலில் கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது கொடுத்தவர் பொறுப்பு என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நான் எழுதியதே இல்லை, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது’ என்ற வாதம் எடுபடாது. கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், செக் நம்பரையும் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொகையையாவது நீங்களே நிரப்புங்கள்.

பெரிய தொகை செக் எழுதியதும் வங்கி ஆப்பில் விவரம் கேட்கிறதே?

பாசிட்டிவ் பே என்பார்கள். 2021 ஜனவரி 1இல் வந்தது. ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் எழுதினால் செக் எண், தேதி, தொகை, பெயர் ஆகியவற்றை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கவும் அனுமதி உண்டு. ஆப்பில் தட்டிய தேதியும் செக்கில் எழுதிய தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல நாளுக்காகச் செக்கில் வியாழக்கிழமை போட்டுவிட்டு ஆப்பில் அன்றைய தேதியைத் தட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். செக் கைமாறுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஆப்பில் பதியும்போது அடிக்கட்டையைத் தேட வேண்டாம்.